கேட் வரைக்கும் போன வண்டி

மெர்ல் ஹோராக்கின் ஆபீஸ் மேஜைக்கு அடியில் எப்போதும் ஒரு ஜோடிக் கறுப்பு ஷூ கிடக்கும். விடிந்ததும் மாடுகளுக்குத் தீனி போட்டுவிட்டு, முழங்கால் வரை சாணி ஒட்டிய பூட்ஸோடு ஊருக்குள் வருவார். பூட்ஸைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே நடந்து, அந்த ஷூவுக்குள் காலை நுழைத்தாரானால் அவர் வக்கீல். சாயங்காலம் மறுபடி பூட்ஸ். வெளியே பூட்ஸ் நின்றால் உள்ளே வக்கீல் இருக்கிறார் என்று வெஸ்ட் ஃபோர்க் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. ஆலங்கட்டி மழையில் விழுந்த பிறகு அதை யாரும் எடுத்து மாட்டவில்லை.

அந்த இடம் முன்பு முடிதிருத்தும் கடை. சுவரை அடைத்த பெரிய கண்ணாடியை மெர்ல் அப்படியே விட்டுவைத்திருந்தார். உயில் எழுத வருகிறவர்கள் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொத்தைப் பிரிக்க வேண்டியிருக்கும். "நம்ம ஊர்ல உயில் சண்டை வராததுக்கு அதான் காரணம்" என்பார் மெர்ல். "தன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, பெரியவனுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்ல எவனாலயும் முடியல."

வக்கீலாக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டவர் இல்லை. இருபது வயதில் குதிரை சறுக்கி அவர்மேல் விழுந்தது. இடுப்பெலும்பு நொறுங்கி, ஆறேழு மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது, இனிமேல் குதிரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் குதிரை ஏறாதவனுக்கு என்ன வேலை? அப்பா கொஞ்ச நாள் யோசித்துவிட்டு லிங்கன் நகரத்துக்குப் படிக்க அனுப்பினார். படித்து முடித்து அங்கேயே ஒரு பெரிய வக்கீலிடம் சேர்ந்த வருஷம், புல் அறுக்கும் பருவத்தில் அப்பா டிராக்டரின் சீட்டிலேயே சாய்ந்துபோனார். மெர்ல் புல்லை அறுத்து முடிக்கத்தான் வந்தார். திரும்பிப் போகவில்லை.

கவுண்டி என்கிற அந்தச் சின்ன மாவட்டம் முழுக்க வேறு வக்கீல் கிடையாது. அதனால் அரசு வக்கீலும் அவர்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டினவன், வேட்டைப் பருவம் இல்லாதபோது மானைச் சுட்டவன் என்று வருஷத்துக்குச் சில வழக்குகள் வரும். நீதிபதி பக்கத்து ஊரிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வருவார். கன்று ஈனும் பருவத்தில் ஒருநாள் மெர்ல் கோட்டின் கைப்பகுதியில் கன்றை இழுத்தெடுத்தபோது ஒட்டி உலர்ந்த பிசுக்கோடு எழுந்து நின்று வாதாடியபோது, "மிஸ்டர் ஹோராக், தாயும் பிள்ளையும் நலமா?" என்று நீதிபதி கேட்டதை ஊரில் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்கள்.

குதிரை ஏற முடியாத குறையை ஒரு நாளில்தான் அவர் முழுசாக உணர்வார். அது வசந்த காலத்தில் கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். மாட்டுக்குச் சொந்தக்காரன் யாரைக் கயிறு வீசச் சொல்கிறானோ அவன் குதிரை ஏறிப் பட்டிக்குள் போவான். அது மரியாதை, சும்மா யாருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். பின்னங்கால்களில் சுருக்கு விழ வேண்டும், கன்று சுருண்டு விழாமல் நெருப்புப் பக்கம் இழுபட்டு வரவேண்டும். மெர்லின் கன்றுகளுக்கு வருஷம் தவறாமல் கயிறு வீசினவர் எல்டன் கிரீப்.

எல்டன் வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம். மெர்லைவிட நாலைந்து வயது பெரியவர். குதிரை விழுந்த அன்று மெர்லை அதற்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தவர் அவர்தான். மெர்ல் படித்துவிட்டு வந்தபின் அவரை 'வக்கீலே' என்றுதான் கூப்பிடுவார், அதுவும் கேலியாக. கோர்ட்டிலிருந்தோ வரி ஆபீஸிலிருந்தோ எந்தக் காகிதம் வந்தாலும் உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து மெர்லின் மேஜையில் போடுவார். "திட்டியிருக்கானா பாராட்டியிருக்கானா, அத மட்டும் சொல்லு" என்பார். அவர் மனைவி ஆர்டித் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பாள், எப்போதும் ஒரு தாளம் முந்தியே. பிள்ளைகள் இல்லை.

அந்தக் கவுண்டியில் யாரும் யாரிடமும் உதவி கேட்பதில்லை. கேட்டால் கேட்டவனுக்கு அவமானம். இந்தா என்று கொடுத்தால் வாங்குகிறவனுக்கு அவமானம். உதவ வருகிறவன் தனக்கே ஏதோ குறை இருப்பதுபோல வரவேண்டும். வீட்டுக்காரன் ஒரு கேலியைச் சொல்லித் தட்டிவிடுவான். வந்தவன் அது காதில் விழாததுபோல இறங்கி வேலையைப் பார்க்க வேண்டும். ஒருமுறை பிப்ரவரியில் மெர்ல் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டபோது, எல்டன் டிராக்டரோடு வந்து நின்றார். டிராக்டரை நிறுத்தினால் மறுபடி கிளம்ப மாட்டேன் என்கிறது, எங்கேயாவது ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். மெர்லின் மனைவி லவோன், எங்க மாட்டை நாங்க பாத்துக்குவோம், உன் டிராக்டரைக் கொண்டுபோய் ஆத்துல தள்ளு என்றாள். "சரி, அப்படியே செய்றேன்" என்று சொல்லிக்கொண்டே எல்டன் கேட்டைத் திறந்து உள்ளே போனார். பனி உருகும்வரை தினமும் வந்து தீனி போட்டார்.

இன்னொன்றும் உண்டு. அடுத்தவன் மாட்டை எண்ணக்கூடாது. எத்தனை வைத்திருக்கிறாய் என்று கேட்கக்கூடாது. இளைத்துத் தெரிந்தால் வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்த வருஷம் மழையும் இல்லை. ஜூன் மாதத்தில் ஆர்டித்துக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். புல் அறுக்கும் பருவம் முழுவதும் எல்டன் ஒமாஹாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், ஆற்றுப் பக்கத்திலிருந்து ஆள் வந்து அறுக்கிறான், எல்லாம் ஏற்பாடு செய்தாகிவிட்டது என்று போனில் சொன்னார். மெர்லிடமும் அதையே சொன்னார். ஆள் யாரும் வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஆர்டித்தை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, குளிர்காலத் தீனிக்கான எல்டனின் தாழ்நிலத்துப் புல் அறுக்கப்படாமல் நின்ற இடத்திலேயே பழுப்பேறிக் கிடப்பதை மெர்ல் காரிலிருந்து பார்த்தார். லவோனும் பார்த்தாள். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

நவம்பரில் வேலியோரமாக வந்த எல்டனின் மாடுகளுக்கு இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மெர்லுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு காலை, பெரிய வண்டியில் புல்லுருண்டைகளை ஏற்றினார். நல்ல புல், பூ விடும் முன்பே அறுத்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதையும் யோசித்து வைத்துக்கொண்டார். அடுக்கின் அடிப்பக்கம் ஈரம் ஏறிவிட்டது, கெட்டுப்போகும் முன்னால் எவன் மாட்டுக்காவது போட்டுத் தொலைக்க வேண்டும்.

எல்டன் கேட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. வண்டி வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்திருப்பார். மெர்ல் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன வக்கீலே, வழி தவறிட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். மெர்ல் அப்போது சிரித்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கியிருக்க வேண்டும். அவருக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்து தெரியும். ஆனால் எல்டனின் முகத்தில் சிரிப்பே இல்லை. அதற்குள் முப்பது வருஷமாக மெர்ல் இன்னொரு தொழிலிலும் பழகிவிட்டிருந்தார். அங்கே ஒரு ஆள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், சொன்ன வார்த்தைதான் கணக்கு. ஒரு நொடி, எந்தக் காலில் நிற்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை.

"ஆமாப்பா" என்றார். "ஏதோ யோசனையில வந்துட்டேன்."

வண்டியை முன்னும் பின்னுமாக ஒடித்துத் திருப்பினார். பின்பக்கக் கண்ணாடியில் எல்டன் கேட்டைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். லவோன் சமையலறை ஜன்னல் வழியாக, ஏற்றிய பாரத்தோடு வண்டி திரும்பி வருவதைப் பார்த்தாள். மறுநாள் போகலாம் என்று மெர்ல் நினைத்தார். மறுநாள் நீதிபதி வரும் நாள். அப்புறம் நன்றி நாள் விருந்து வந்தது, மகள் டார்லா வந்தாள். அந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக அவருடைய மாடுகளே தின்று தீர்த்தன.

ஜனவரியில் ஒரு புயல். அது ஓய்ந்த பிறகு ஷெரிஃப் பீட்டி ஆபீசுக்கு வந்து, தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். எரிவாயு கொண்டுபோன வண்டிக்காரன் ஒருவன் வெளியூர்க்காரன். கிரீப் பண்ணையில் பார்த்ததை நேராக மாநில அதிகாரிகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டான். ஊர்க்காரன் யாராவது இருந்தால் செய்திருக்க மாட்டான்.

"நீங்களும் வரணும்" என்றான் பீட்டி. "நான் தனியா அந்த வாசல்ல போய் நிக்க மாட்டேன், மெர்ல்."

அவசரத்தில் மெர்ல் கறுப்பு ஷூவோடே கிளம்பிவிட்டார். எல்டனின் காற்றுத் தடுப்பு மரவரிசைக்குப் பின்னால் பனிக்குள்ளிருந்து மாட்டுக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உயிரோடிருந்த மாடுகள் கொட்டகைப் பலகையை நக்கிக்கொண்டிருந்தன. சிலவற்றுக்கு வாலில் மயிரே இல்லை, ஒன்றின் வால்மயிரை இன்னொன்று தின்றிருந்தது. கூட வந்த மாட்டு டாக்டர் அவற்றின் முதுகில் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்த் தன் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். எல்டன் வீட்டு வாசற்படியில் நின்றார். அவர் பார்வை மெர்லின் முகத்தில் படவில்லை. பனியில் நனைந்துகொண்டிருந்த ஷூவையே பார்த்தார்.

"அத நனைக்காத. கெட்டுப்போயிரும்" என்றார்.

லவோன் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. நீ இந்தப் புகாரில் கையெழுத்துப் போடாதே என்றாள். பக்கத்துக் கவுண்டி வக்கீலிடம் கொடுத்துவிடலாம், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். மெர்ல் அதை யோசிக்காமல் இல்லை. வெளியாள் வந்தால் ஜெயில் கேட்பான், பேப்பரில் பெயர் வரவேண்டும் என்று பார்ப்பான், நான் செய்தால் மெதுவாகச் செய்வேன் என்றார்.

"மெதுவா செய்றதுக்கு நவம்பர் இருந்துச்சு" என்றாள் லவோன்.

மறுநாள் காலை மெர்ல் புகாரில் கையெழுத்துப் போட்டார். மாடுகளைப் பட்டினி போட்டதாக எல்டன் கிரீப் மீது வழக்கு.

பீட்டி சம்மனைக் கொண்டுபோய்க் கொடுத்த அடுத்த நாள், ஆபீஸ் கதவுக்கு வெளியே பூட்ஸ் உதறும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை மெர்ல் தூக்கத்திலும் அடையாளம் கண்டுவிடுவார். எல்டன் உள்ளே வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல உறையை மேஜையில் போட்டார். இந்தமுறை பிரித்திருந்தது. சவரம் செய்திருந்தார். கன்னத்தில் ஒரு வெட்டு.

"கோர்ட்டுல இருந்து வந்திருக்கு. என்னன்னு பாரு."

மெர்ல் அதைத் தொடவில்லை. "எல்டன், இதப்பத்தி நான் உன்கிட்ட பேசக்கூடாது."

"யாரு சொன்னா?"

"சட்டம் சொல்லுது."

"அவரு நம்ம ஊருக்காரரா?"

மெர்லுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்டனும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள், ஒரே உயரத்தில், வக்கீலும் கட்சிக்காரனும் போல.

"அடியில இருக்குறது உன் கையெழுத்து" என்றார் எல்டன். "அதான் உன்கிட்டயே வந்தேன். எழுதினவனுக்குத்தானே அர்த்தம் தெரியும்."

பக்கத்துக் கவுண்டியில் நல்ல வக்கீல் ஒருத்தன் இருக்கிறான், நானே போன் செய்து சொல்கிறேன், இல்லை, நான் செய்யக்கூடாது, பெயரை மட்டும் எழுதித் தருகிறேன் என்று மெர்ல் தடுமாறினார். எழுதியும் கொடுத்தார். எல்டன் அந்தத் துண்டுக் காகிதத்தைப் படிக்கவில்லை. சட்டைப்பைக்குள்ளும் வைக்கவில்லை. அது மேஜையின் மேலேயே கிடந்தது.

"எனக்கு எப்பவும் நீதான வக்கீலு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பால் எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

எழுந்து கதவுவரை போனார். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டார்.

"அன்னிக்கு வண்டியில இருந்தது, அந்தப் புல்லு. ஈரமெல்லாம் இல்லதான?"

நான் ஈரம் என்று சொல்லவே இல்லையே என்று மெர்லின் மனசில் ஓடியது. சொல்வதற்கு முன்பே திரும்பிவிட்டிருந்தார். ஆனால் அந்த ஊரில் புல் கொண்டுவருகிற எல்லோரும் சொல்கிற சாக்கு அதுதான்.

"இல்ல. நல்ல புல்லு."

"எனக்குத் தெரியும். வாசனை வந்துச்சு."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே எல்டன் பூட்ஸ் மாட்டும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பூட்ஸ் கயிற்றைக் கட்டக் கை வரவில்லையோ என்னவோ. மெர்ல் எழுந்து போகவில்லை. போகக்கூடாது.

விசாரணைக்கு ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். எல்டனுக்கு முதுகு காட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். எல்டன் வக்கீல் வைக்கவில்லை. மெர்ல் எழுந்து நின்று, என்ன பார்த்தேன், எத்தனை இறந்தது என்று சொன்னார். ஆர்டித்தின் நோய், துக்கம், வறட்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். சிறை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் பேசியதிலேயே அதுதான் சிறந்த பேச்சு என்று அப்புறம் பீட்டி சொன்னான். எல்டனின் மாட்டை வாய்விட்டு எண்ணிச் சொன்னது அந்த ஊரில் அதுவே முதல்தடவை. அதைச் சொன்னது மெர்லின் வாய்.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி எல்டனைக் கேட்டார்.

"மிஸ்டர் ஹோராக் சொன்னது எல்லாம் சரி" என்றார் எல்டன். "கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல."

பிழைத்த மாடுகளை ஏலம் போட்டார்கள். சில வருஷத்துக்கு மாடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்பு. மெர்ல் ஏலத்துக்குப் போகவில்லை. வழக்குப் போட்டவன் ஏலம் கேட்கக்கூடாது. ஆனால் மாடுகளை ஏற்றிய லாரிகள் அவர் வீட்டு வழியாகத்தான் போகவேண்டும். லாரியின் பலகை இடுக்கில், வலப்பக்க விலாவில் போட்ட கிரீப் குடும்பத்துச் சூட்டுக்குறி ஒவ்வொன்றாகத் தெரிந்து போவதை லவோனோடு சேர்ந்து நின்று பார்த்தார்.

அடுத்த தேர்தலில் அவர் அரசு வக்கீல் பதவிக்கு நிற்கவில்லை. வேறு ஆளும் நிற்கவில்லை. கவுண்டி பக்கத்து ஊரிலிருந்து ஒருவனை அமர்த்திக்கொண்டது. உயில், வேலித் தகராறு, தண்ணீர் உரிமை என்று மெர்லின் ஆபீஸ் நடந்தது. ஊர் அவரைத் தப்பாகப் பேசவில்லை. சட்டப்படிதானே செய்தார் என்றார்கள், அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்கள். எல்டன் தன் புல்வெளியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அதே வீட்டில் இருந்தார். தடை முடிந்த பிறகும் ஒரு மாடுகூட வாங்கவில்லை. சாலையில் எதிரெதிரே வந்தால், அந்தப் பக்கத்து வழக்கப்படி ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். மெர்லும் தூக்குவார். யாரென்று தெரியாத வண்டிக்கும் தூக்குகிற அதே விரல்தான்.

ஒவ்வொரு வசந்தத்திலும் மெர்ல் எல்டன் வீட்டுக்குப் போவார். கயிறு வீசுகிறவனை மாட்டுக்காரனே நேரில் போய் அழைக்க வேண்டும். எல்டன் முற்றத்துக்கு வந்து நிற்பார். மழையைப் பற்றிப் பேசுவார்கள், லவோனின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு மெர்ல், சனிக்கிழமை சூடு போடுகிறோம் என்பார். அப்படியா, நல்ல நாள், காற்று இருக்காது என்பார் எல்டன். மெர்ல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டியைத் திருப்புவார். சனிக்கிழமை எல்டன் வரமாட்டார். கயிறு வீச வேறு யாரையும் மெர்ல் கேட்கவில்லை. கன்றுகளை இரும்புக் கூண்டுக்குள் தள்ளிச் சூடு போட்டார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது, ஆனால் வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை.

"நீ அவர அழைக்கப் போற மாதிரி இல்ல" என்றாள் லவோன் ஒருமுறை. "சம்மன் கொடுக்கப் போற மாதிரி போற. கொடுத்துட்டு வந்துர்ற."

"வேற எப்படிப் போறது?"

"எனக்கென்ன தெரியும். நான் வக்கீலா?"

ஒரு வருஷம் லவோன் இறந்துபோனாள். அடக்கத்துக்கு எல்டன் வந்திருந்தார், கடைசி வரிசையில், தொப்பியோடு. மெர்லின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கை எத்தனை லேசாக இருந்தது என்பதுதான் மெர்லுக்கு நினைவில் நின்றது. லிங்கனிலிருந்த டார்லா வேலையை விட்டுவிட்டு வந்து பண்ணையைப் பார்த்துக்கொண்டாள். ஆபீசை மெர்ல் மூடினார். கண்ணாடியை யாரும் கழற்றவில்லை.

எழுபத்தைந்து தாண்டிய ஒரு குளிர்காலத்தில் மெர்லின் நுரையீரலில் நோய் வந்தது. வசந்தம் வந்தபோது அவரால் சாப்பாட்டு மேஜை வரைக்கும்தான் நடக்க முடிந்தது. டார்லா சூடு போட நாள் குறித்தாள், எல்லோருக்கும் போன் செய்தாள். வடக்குப் பக்கம் போகட்டுமா என்று அப்பாவைக் கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அழைக்கிறவன் நேரில் போக வேண்டும், போக முடியாதவன் அழைக்கக் கூடாது. அத்தனை வருஷத்தில் எல்டனுக்கு அழைப்புப் போகாத வருஷம் அது ஒன்றுதான்.

சூடு போடும் அன்று காலை, பட்டியின் கேட்டுக்குப் பக்கத்தில் பிக்கப்பை நிறுத்தி, மெர்லைக் கம்பளியால் சுற்றி அதில் உட்காரவைத்திருந்தார்கள். கன்றுகளைத் தாய்களிடமிருந்து பிரித்தாகிவிட்டது. கத்தல் காதைப் பிளந்தது. சாலையில் ஒரு பழைய பச்சை பிக்கப் மெதுவாக வந்து, கேட்டுக்கு வெளியே நின்றது. எல்டன் கண்ணாடியை இறக்கினார். முகம் சுருங்கிப்போய், தொப்பி பெரிதாக இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மெர்லுக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. இருபது வருஷமாக வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார், வக்கீல் அடுக்குவதுபோல. மூச்சு வாங்கியது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"என்ன எல்டன். வழி தவறிட்டியா?"

எல்டன் இறங்கி வந்து கேட்டைத் திறந்தார். வண்டியை உள்ளே ஓட்டினார். மறுபடி இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்தினார். சங்கிலியை மாட்டினார். அவ்வளவுதான். மெர்ல் அதை ஒரு அசைவு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் சாவகாசமாகச் செய்தால்கூட எத்தனை சின்ன வேலை அது.

"இந்த வருஷம் நீ வரல" என்றார் எல்டன், பிக்கப் கதவில் சாய்ந்துகொண்டு. "செத்துட்டியோன்னு பாக்க வந்தேன்."

"கொஞ்சம் பொறு. ரொம்ப நாள் ஆகாது."

எல்டன் தலையை ஆட்டினார். பின்சீட்டிலிருந்து கயிற்றை எடுத்தார். டார்லா தன் குதிரையைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள். ஏறுவதற்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. முதல் வீச்சு தவறியது. இரண்டாவதும் தவறியது. வேலிமேல் உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள், வானத்தை, காற்றை. அப்புறம் ஒரு கன்று விழுந்தது, இன்னொன்று. மதியத்துக்குள் அவர் களைத்து, கயிற்றை டார்லாவிடம் கொடுத்துவிட்டு வந்து மெர்லுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர்மேல் கருகிய மயிர் வாசனை வீசியது. யாரோ இரண்டு கோப்பைக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு மெர்ல் சொன்னார். "அன்னிக்கு நான் இறங்கியிருக்கணும்."

"இறங்கியிருக்கணும்" என்றார் எல்டன்.

இல்லை என்றோ, பரவாயில்லை என்றோ, போனது போகட்டும் என்றோ அவர் சொல்லவில்லை. மெர்ல் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. அது அவர் வாயிலிருந்து வந்திருந்தால் பொய்யாக இருந்திருக்கும், அவர் மெர்லிடம் பொய் சொன்னது ஒரே ஒருமுறைதான், ஆற்றுப் பக்கத்து ஆள் வந்து அறுக்கிறான் என்று.

"திட்டியிருப்பேன்" என்றார் எல்டன்.

"தெரியும்."

"கெட்ட வார்த்தையில."

"தெரியும்டா."

"அப்புறம் சேந்து எறக்கியிருப்போம்."

எல்டன் காப்பியைக் குடித்து முடித்தார். மெர்லின் கோப்பை ஆறிப்போய் மடியிலேயே இருந்தது. இலையுதிர்காலம் வரைக்கும் எல்டன் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்தார். வரும்போதெல்லாம் வண்டியில் ஏதோ ரிப்பேர், மெர்லின் கொட்டகையில் திருகாணி தேடவேண்டும் என்று ஒரு சாக்கு. மெர்ல் ஒவ்வொரு தடவையும் இங்கே திருகாணி கிடையாது போ என்பார். முதல் பனி விழுவதற்குள் மெர்ல் போய்விட்டார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர்கள் இரண்டு பேரும் வெயில் சாயும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கன்றையும் அவிழ்த்துவிட்டு டார்லா பட்டியைத் திறந்தாள். கன்றுகள் தாய்களைத் தேடி ஓடின, தாய்கள் முகர்ந்து முகர்ந்து தங்களுடையதைப் பிடித்தன. கத்தல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எல்டன் முன்கண்ணாடி வழியாக ஒவ்வொரு மாட்டின் வலப்பக்க விலாவையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் தானாகவே பழைய பழக்கத்தில் கிரீப் சூட்டைத் தேடியது. தேடுகிறது என்று மெர்லுக்குத் தெரிந்தது. அவர் வானத்தைப் பார்த்து, இந்த வருஷம் மழை இருக்கும்போல என்றார்.